இரண்டு பெட்டி, ஒரு வாசல்

டீலியா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மலாக்கி சித்தப்பா அந்தக் கத்தியை அவள் கையிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"தின்னது போதும். இப்பவே தூக்கணும். மேலூர்க்காரங்க கெளம்பிட்டாங்களாம்."

வீடு கொள்ளாத கூட்டம். முந்தின நாள் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. களிமண் புகைக்குழாய்கள் கை மாறிக்கொண்டிருந்தன. விஸ்கி ஒரு மூலையிலும் தேநீர் இன்னொரு மூலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்தில், இரண்டு நாற்காலிகள் தாங்கிய பெட்டிக்குள், டீலியாவின் அப்பா பார்ட்லி கிரேலிஷ் முகச்சவரம் செய்து, நல்ல கோட்டு போட்டு, ஜெபமாலை சுற்றிய கைகளோடு படுத்திருந்தார். தன்னைச் சுற்றி இத்தனை பேர் இருந்தும் அவர் வாயைத் திறக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை என்று வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் டீலியா சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவர் செத்ததும் அவரைப் போலவேதான். கணப்படுப்புக்குப் பக்கத்தில், தன் நாற்காலியில், ஜமீன் ஏஜெண்டின் குதிரையைப் பற்றிய கதையை இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் உச்சத்துக்கு வந்ததும் நிறுத்தினார். உச்சத்தில் நிறுத்துவது அவர் வழக்கம். கேட்கிறவர்கள் தவிக்க வேண்டும், அப்போதுதான் மிச்சத்தைச் சொல்வார். அதனால் இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒருவன் புகையிலை திணித்துப் பற்றவைத்து, அது அணைந்து, மறுபடியும் பற்றவைத்தான். அடிபம்பிலிருந்து வாளியோடு உள்ளே வந்த டீலியாதான் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

அன்றைக்கு நன்றாக அழுதாள். அப்பாவை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். நாற்பது தாண்டியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவர் பேச்சும் ஒரு காரணம் என்று ஊர் சொல்லும். வேறு எந்த ஆணும் அவளுக்குச் சலிப்பாகத் தெரிந்தான். இத்தனையும் உண்மை. அவர் பிறந்ததிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கியதில்லை என்பதும் உண்மை.

பம்பு அவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. கல்லெறிந்தால் படுகிற தூரம்கூட இல்லை, பேச்சுக் கேட்கிற தூரம். இருந்தும் முதலில் அவருடைய அம்மா எடுத்து வந்தாள், பிறகு மனைவி, பிறகு டீலியா. அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. வாளியோடு ஒரு பெண் எதிரே வந்தால் எழுந்து நிற்பார், தொப்பியைக் கழற்றுவார், வழிவிடுவார், அவள் நடையைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்வார். வாளியை மட்டும் வாங்க மாட்டார். க்ளூன்பிராக்கில் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். இவர் அதை ஒரு கலையாகச் செய்தார், அவ்வளவுதான்.

க்ளூன்பிராக்கில் கோயில் பங்கு ஒன்றுதான், ஊர் இரண்டு. அந்தக் காலத்தில் ஜமீன் ஏஜெண்ட், பார்ட்லி வீட்டுக்கு எதிரே இருந்த கீழூர்ச் சாராயக்கடையில் குதிரையை நிறுத்துவார். குதிரைக்குத் தண்ணீர் வேண்டுமென்று அங்கே ஒரு பம்பு போட்டார். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று மேலூர்க்காரர்கள் கேட்டதற்கு, என் குதிரை அவ்வளவு தூரம் ஏறாது என்றார். ஜமீன் போயிற்று. ஏஜெண்டின் வீடு எரிந்து, இப்போது அதில் மாடுகள் ஒதுங்குகின்றன. ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்தார்கள், போனார்கள். புது அரசாங்கத்து ஆட்கள் வந்து பம்பு போட மேலூரை அளந்தார்கள், பார்ட்லியின் வீட்டில் தேநீர் குடித்தார்கள், அவர் கதையைக் கேட்டார்கள், அவர்களும் போனார்கள். மேலூர்ப் பெண்கள் அன்றும் இன்றும் பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி, நிறைந்த வாளிகளோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழூர்ப் பம்பில் கை வைக்கக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. வைக்கலாமா என்று கேட்க அவர்களுடைய ரோஷம் விட்டதில்லை.

இரண்டு ஊருக்கும் நடுமேட்டில் கல்லறைத் தோட்டம். அங்கேதான் இன்றைய பிரச்சினை.

ஒரே நாளில் இரண்டு பேரைப் புதைக்க நேர்ந்தால், வாசலைக் கடைசியாகத் தாண்டியவர், மோட்சத்துக்கு முன் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆன்மாக்களுக்கெல்லாம் தண்ணீர் சுமக்க வேண்டும். அடுத்த சாவு வந்து கைமாற்றிவிடும்வரை ஓய்வு கிடையாது. பங்குச் சாமியார் ஃபாதர் கிளின், ஞானோபதேசத்தில் இப்படி எதுவும் இல்லை என்று பிரசங்கத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். ஊரும் தலையாட்டியிருக்கிறது. நகரத்தில் வளர்ந்தவர், அவருக்கு எப்படித் தெரியும் என்று மன்னித்துமிருக்கிறது. தாத்தா காலத்தில் இப்படி இரண்டு சாவு மோதிக்கொண்டபோது, கீழூர்க்காரர்கள் வாசலை விட்டுவிட்டுப் பெட்டியைச் சுவருக்கு மேலே எறிந்து ஜெயித்தார்கள். பெட்டி திறந்துகொண்டதா இல்லையா என்பதில் இன்றுவரை இரண்டு ஊருக்கும் இரண்டு கருத்து.

பார்ட்லி போன மறுநாளே மேலூரில் சபைனா லாலி போய்விட்டாள். பள்ளத்து ஊற்றிலிருந்து ஏறிவந்தவள் பாதையில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. வாளிகள் இரண்டும் பக்கத்தில் நிமிர்ந்து நின்றன, ஒரு சொட்டும் சிந்தாமல். சேதி கேட்டுக் கீழூரே ஒரு நிமிடம் பேச்சில்லாமல் இருந்தது. அந்த வாளிகளுக்கான மரியாதை அது.

ஃபாதர் கிளின் இந்தப் போட்டியை ஒரே அடியாக ஒழித்துவிட நினைத்து, இரண்டு அடக்கத்துக்கும் ஒரே நேரம் குறித்தார். உச்சி வேளைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்பது அவர் கணக்கு. வாசலில் ஒரு பெட்டிதான் நுழையும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

"தூக்குங்கடா," என்றார் மலாக்கி.

பெட்டி எழுந்ததும் வழக்கப்படி நாற்காலிகளை உதைத்துத் தள்ளினார்கள். தேநீரை விட்டு, விஸ்கியை விட முடியாமல் ஒரே மடக்கில் குடித்து, கூட்டம் வெளியே கொட்டியது. தெருமுனையில் கிழவர் ஒருவர் தடியை நீட்டி மறித்தார். செத்தவரைச் சுற்றுவழியில், எல்லா வீட்டையும் கடந்துதான் கொண்டுபோக வேண்டும், குறுக்கே போனால் அவமரியாதை என்றார். மலாக்கி நின்றுகூடப் பேசவில்லை.

"கடைசியா போனா அதவிடப் பெரிய அவமரியாத. சதுப்பு வழியா போறோம்."

டீலியாவும் அதற்குச் சரி என்றாள். அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கறுப்புச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சித்தப்பாவுக்குப் பக்கத்திலேயே ஓடினாள்.

"அப்பாவால முடியாது சித்தப்பா. வாளிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே அவருக்குத் தெரியாது."

"அதுக்குத்தான ஓடுறோம். பேசாம வா."

சதுப்பில் பச்சை மெத்தைபோலப் புல் இருந்தது. மிதித்தால் உள்ளே வாங்கியது. பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்த கோல்மன் நல்ல பலசாலி, எடையும் அதற்கேற்ற எடை. நடு வழியில் முழங்கால் வரை இறங்கிவிட்டான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே பார்ட்லி நகர்ந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரோ அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நாலு பேர் கோல்மனைப் பிடுங்கி எடுத்தார்கள், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஒற்றைப் பூட்ஸோடு அவன் மறுபடி தோள் கொடுத்தான். பின்னால் வந்த பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெபமும் சிரிப்புமாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் வந்தார்கள். இதைப் பார்க்க அப்பா இல்லையே என்று டீலியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் இருந்திருந்தால் இதை இருபது வருடம் சொல்லியிருப்பார்.

மேட்டில் ஏறியபோது மேலூர்க்காரர்கள் கண்ணில் பட்டார்கள்.

எதிர்ச்சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் டீலியாவுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறகுதான் பெட்டிக்கு அடியில் பாவாடைகளைப் பார்த்தாள். சபைனாவின் மகன்களில் ஃபெஸ்டி ஒருவன்தான் ஊரில் இருந்தான், மற்றவர்கள் பாஸ்டனில். மேலூரில் தோள் கொடுக்கிற வயதுள்ள ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது கப்பலேறிப் போனவர்கள்தான். அதனால் ஃபெஸ்டி ஒரு மூலையில், மற்ற மூலைகளிலெல்லாம் பெண்கள். முன்னால் சபைனாவின் மகள் ஒனோரா, வெறுங்காலோடு.

"பொம்பளைங்க," என்றார் மலாக்கி. அவர் முகம் மலர்ந்தது. "ஜெயிச்சிட்டோம்டா."

ஜெயிக்கவில்லை. அந்தப் பெண்கள் ஓடவே இல்லை, ஆனால் நெருங்கிக்கொண்டே வந்தார்கள். இங்கே மூச்சிரைத்து, தோள் மாற்றி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சத்தமே இல்லை. ஒரு கை பெட்டியில், ஒரு கை இடுப்பில், கழுத்து அசையாமல், பாதம் மட்டும் கல்லைத் தடவித் தடவி வைக்கிற நடை. பெட்டி நீர்மேல் போவதைப் போல வந்தது. அந்த நடை டீலியாவுக்குத் தெரியும். தளும்பாமல் நடக்கிற நடை அது. அவளுடைய அம்மா அப்படித்தான் நடப்பாள், பம்புக்கும் வாசலுக்கும் நடுவே, நாளுக்கு எத்தனையோ தடவை. அவளும் அப்படித்தான் நடக்கிறாள்.

வாசலைத் திறந்துவைக்க அவள் முன்னால் ஓடினாள். மகள்தான் திறக்க வேண்டும். இரும்புக் கதவு துருப்பிடித்துக் கனத்தது, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளே ஃபாதர் கிளின் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமிருந்தும் வருகிற சத்தத்தைக் கேட்டு அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால், சுவரோரம், அம்மாவின் கல் தெரிந்தது. பக்கத்தில் புதிதாகத் தோண்டிய மண் ஈரமாகக் குவிந்திருந்தது.

டீலியா திரும்பினாள். கீழூர்ப் பெட்டி முந்திவிட்டது. இன்னும் சில எட்டுதான். மலாக்கி தொப்பியை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். மறுபக்கம் கொஞ்ச தூரத்தில், அதே சீரான நடையில், ஒனோராவின் முகம். அதில் கோபம் இல்லை. எப்படியும் தோற்போம், ஆனால் சிந்த மாட்டோம் என்கிற முகம்.

அவள் வாசலுக்கு நடுவில் வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"கீழ வைங்க சித்தப்பா."

"என்னது?"

"அப்பாவ கீழ வைங்க. அவங்க மொதல்ல போகட்டும்."

"பைத்தியமாடி உனக்கு? நாமதான முன்னால வந்திருக்கோம்."

"தெரியும்."

"அப்ப உங்கப்பன் தண்ணி சுமக்கணுமா?"

"சுமக்கட்டும். சபைனா அக்கா சுமந்தது போதும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கம்மா உள்ளதான் இருக்கா. அவளும் ஒரு தடவ பாக்கட்டுமே."

பெட்டிக்கு அடியில் இருந்த ஆண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவனுடைய மனைவியும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முதலில் சிரித்தது மலாக்கியின் மனைவி வின்னி சித்திதான். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள், பொத்த முடியவில்லை. பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், அதற்குப் பிறகு பின்வரிசை முழுக்க. சிரிப்பு முன்னால் வந்து கோல்மனைப் பிடித்தது. அவன் ஒற்றைப் பூட்ஸில் நின்று குலுங்கியதில் பெட்டியும் குலுங்கியது. பார்ட்லியும் சேர்ந்து சிரிக்கிறார் என்றுதான் பார்த்த எவருக்கும் தோன்றியிருக்கும்.

மலாக்கி சிரிக்கவில்லை. அண்ணனுடைய பெட்டிமேல் கையை வைத்தார்.

"பாவம்டி அவன்," என்றார்.

"பாவம்தான்."

"கைய பாத்திருக்கியா? பூ மாதிரி இருக்கும்."

"பாத்திருக்கேன் சித்தப்பா."

அவர் பெருமூச்சு விட்டு விலகினார். பெட்டியைச் சுவரோரத்துப் புல்லில் இறக்கினார்கள்.

மேலூர்ப் பெண்கள் அருகே வந்தபோது கீழூர் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அது எப்போதும் செய்வதுதான். பெட்டியின் பின்மூலையில் கோணலாகப் பிடித்திருந்த ஒரு கிழவியிடமிருந்து கோல்மன் அந்த மூலையை வாங்கிக்கொண்டான். அது எப்போதும் செய்வது இல்லை. ஒனோரா டீலியாவுக்கு நேரே வந்ததும் நின்றாள், பின்னால் எல்லாரும் நின்றார்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாராளமாக வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. டீலியா தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள்.

"வாளிய விளிம்பு வரைக்கும் நெரப்ப வேணாம்னு சொல்லு அவர்கிட்ட," என்றாள் ஒனோரா. "பழக்கமில்லாதவங்களுக்குச் சிந்தும்."

"சொல்றேன்."

"காலம்பற மொத நட கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்பறம் சரியாயிரும்."

"அதையும் சொல்றேன்டி. போ. உங்கம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

சபைனா லாலி உள்ளே போனாள். குழியை மூடக் கை குறைவாக இருந்ததால் கீழூர்க்காரர்களும் மண்வெட்டி பிடித்தார்கள். அப்படி ஒரு காட்சியை அந்தத் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை என்று எல்லாரும் பிற்பாடு சொன்னார்கள். ஃபாதர் கிளினுக்கு மட்டும் என்ன நடந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை. தன் பிரசங்கம்தான் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டார். அவரை யாரும் திருத்தவில்லை.

பிறகு பார்ட்லியைத் தூக்கினார்கள். இந்தத் தடவை யாருக்கும் அவசரம் இல்லை. டீலியா முன்மூலையில் தோள் கொடுத்தாள், மறுபக்கம் ஒனோரா. அம்மாவுக்குப் பக்கத்தில் இறக்கும்போது மழை பிடித்தது, நல்ல சகுனம் என்றார்கள். டீலியா சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவுக்கு நன்றாகத்தான் செய்தோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுபோகிறவர் எல்லாரிடமும் பேசலாம். ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் க்ளூன்பிராக்கில் யாரும் சாகவில்லை. இருமினவர்கள் இருமலோடு இருந்தார்கள். பார்ட்லியை யார் விடுவிக்கப்போகிறார்கள் என்று இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தான் இல்லை என்பதில் ஒவ்வொரு கிழவரும் உறுதியாக இருந்தார். விடுவித்தால் அடுத்து வாளி அவர் கையில் வரும்.

பிப்ரவரியில் மலாக்கிக்கு மார்ச்சளி கண்டது. டாக்டர் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஃபாதர் கிளின் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைபூசுதல் கொடுத்தார். வின்னி சித்தி சாவுக்கென்று வைத்திருந்த நல்ல போர்வையை எடுத்து வெளியே காற்றாட விட்டாள். டீலியா தினமும் காலையில் அடுத்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, மூச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

ஒரு நாள் காலை மூச்சு கேட்கவில்லை. சித்தி அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கட்டில் காலியாக இருந்தது, போர்வை தரையில் கிடந்தது. டீலியா வெளியே ஓடினாள்.

பம்படியில், வெறும் இரவுச் சட்டையோடு, குச்சிக் கால்கள் நடுங்க, மலாக்கி சித்தப்பா அடித்துக்கொண்டிருந்தார். பம்பு முனகியது. வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"சித்தப்பா, என்ன பண்றீங்க?"

அவர் இரண்டு கைகளாலும் வாளியைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

"எதுக்கும் பழகி வச்சிக்கிறேன்," என்றார்.

அவர் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் தண்ணீர் தளும்பி அவருடைய வெறுங்கால்மேல் விழுந்தது. டீலியாவின் கை தானாக நீண்டது. அவள் அதை இழுத்துக்கொண்டு, முன்னால் போய், கதவை அவருக்காக அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.